மூன்றாம் படிக்குக் கீழே

அல்லித்தாங்கல் ஏரியின் மேற்குக் கரையில் ஒரு மடம் இருந்தது. ஓடு வேய்ந்த ஒரே அறை. அதில் பூங்காவனம் அம்மா என்ற துறவி இருந்தார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. அவருடைய சீடர் கன்னியப்பனுக்கு அறுபது. அந்த வித்தியாசத்தைப் பற்றி அவர்கள் இருவரும் யோசித்ததில்லை. ஊரில் சிலர் யோசித்தார்கள்.

கன்னியப்பன் அந்த ஏரிக்கு நீர்கட்டி. மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று சொல்வது அவர் வேலை. முப்பத்தோரு வருடமாகச் செய்கிறார்.

பங்குனி ஐந்தாம் தேதி காலையில் அவர் மடத்துக்கு வந்தார். அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"சாப்பிட்டீங்களா?"

"இறங்கல."

"உட்காருங்க. கேளுங்க."

"மதகை மூடவா? திறந்தே விடவா?"

அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. மார்கழி நடுவில் இரண்டு நாள் பெய்தது. இரண்டு மாதத்தில் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் கொட்டியது. மேட்டு நிலத்து மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ஏரி நிரம்பியது. மிச்சம் கலங்கல் வழியாக வழிந்து கடலுக்குப் போனது. வயலில் இருந்த பயிர் அழுகியது. ஊர் தை மாதத்தில் மறுபடி நட்டது.

பறவைகளும் பிந்தித்தான் வந்தன. கார்த்திகையில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரைகள் தையில் கட்டின. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில்தான் எப்போதும் கட்டும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறவரை நாரை கூட்டில் இருக்கும். தண்ணீர் வற்றினால் நாய் வரும், கீரி வரும். அது தெரிந்து, நாரை அதற்கு முன்பே குஞ்சை விட்டுவிட்டுப் போய்விடும்.

ஊரில் இரண்டு கட்டுப்பாடு இருந்தது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது.

மதகுச் சுவரில் ஐந்து கல்படி. மேலிருந்து மூன்றாம் படிக்குக் கீழே உள்ள தண்ணீர் பறவையின் பங்கு. கூட்டில் குஞ்சு இருக்கும்போது அதைத் தொடக் கூடாது. இது ஒன்று. குஞ்சு பறந்து போகிறவரை ஏரிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. வலை வீச, மாடு கழுவ, ஆம்பல் பறிக்க, எதற்காகவும். இது இரண்டாவது.

நாரையின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாயும். அதனால் பக்கத்து ஊரைவிட இங்கே உர மூட்டை பாதிதான் வாங்குவார்கள். கட்டுப்பாட்டை யாரும் பாரமாக நினைத்ததில்லை. மாசிக்குள் அறுப்பு முடிந்துவிடும். குஞ்சும் பறந்துவிடும். பயிரும் குஞ்சும் ஒரே தண்ணீருக்குக் காத்து நின்றதே இல்லை.

இந்த வருடம் நின்றன.

"தண்ணி மூணாம் படிக்கு வந்துடுச்சும்மா," என்றார் கன்னியப்பன். "கதிர் இப்பத்தான் எட்டிப் பார்க்குது. இன்னும் ரெண்டு தண்ணி வேணும். குஞ்சுங்களுக்குச் சிறகு முளைக்கல. அதுங்க பறக்கச் சித்திரை பாதி ஆயிடும்."

"வெயில்?"

"இப்பவே கத்திரி மாதிரி அடிக்குது."

"போர்த் தண்ணி?"

"நாலு வருஷமா உப்பு. ஊத்தினா பயிர் கருகிடும்."

"ஊர் என்ன சொல்லுது?"

கன்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கோதண்டம் நேத்து மதகடிக்கே வந்துட்டான்."

கோதண்டம் பத்து ஏக்கர் நட்டிருந்தவர். கன்னியப்பனோடு ஒன்றாக வளர்ந்தவர். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னாண்ணே, மாப்பிள்ள வீட்டாருக்குத் தண்ணி எடுத்து வெச்சிருக்கியா?" என்று ஆரம்பித்தார்.

"கட்டுப்பாடுடா."

"நாரைக்கு ஏதுண்ணே கட்டுப்பாடு? அது பாட்டுக்கு ரெண்டு மாசம் லேட்டா வந்து முட்டை போடுமாம். நாம காவல் நிக்கணுமாம்."

"நாமளும் ரெண்டு மாசம் லேட்டாத்தானே நட்டோம்?"

"பார்றா, நாரைக்கு வக்கீலு!"

வந்தவர்கள் சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். "எங்களை வுடு. உம் பொண்ணு நெலம் கடைமடையிலதான் இருக்கு. அதையாவது நெனச்சிப் பாருண்ணே."

இதையெல்லாம் கன்னியப்பன் சொல்லி முடிக்கும்வரை அம்மா குறுக்கே பேசவில்லை.

"தனக்கொடி என்ன சொன்னா?"

"ஒண்ணும் கேட்கலம்மா. அதுதான் என்னைக் கொல்லுது."

தனக்கொடி அவருடைய ஒரே மகள். புருஷன் இறந்து ஆறு வருடம். இரண்டு ஏக்கர் அவள் பெயரில் இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. தையில் மறுநடவுக்கு ஆள் கிடைக்காமல் தனியாகவே பதினோரு நாள் குனிந்து நட்டாள். பன்னிரண்டாம் நாள் நிமிர முடியவில்லை.

"சரி," என்றார் அம்மா. "தண்ணி எவ்வளவு இருக்கு?"

"சொன்னேனே. மூணாம் படி."

"படியைச் சொல்றீங்க. தண்ணி எவ்வளவு இருக்கு?"

"மதகடியில ரெண்டு ஆள் ஆழம்."

"மரத்தடியில?"

"மூணாம் படின்னா மரத்தடியில இடுப்பளவு இருக்கணும்."

"இருக்கணுமா, இருக்கா?"

"எங்க ஐயா காலத்துலேர்ந்து அதுதாம்மா."

"இறங்கிப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

கன்னியப்பன் திடுக்கிட்டார். "ஏரிக்குள்ளயா?"

"ஆமா."

"குஞ்சு இருக்கும்மா."

"தெரியும்."

அம்மா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். அதற்குள் அது வாடத் தொடங்கியிருந்தது.

கன்னியப்பன் கரையோடு நடந்தார். மடம் கண்ணுக்கு மறைகிற இடத்தில் இறங்கினார். தண்ணீர் ஓரம் வரை போனார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

மரங்களில் குஞ்சுகள் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தன. முப்பத்தோரு வருடத்தில் அவர் இந்த மாதிரி நேரத்தில் இந்தத் தண்ணீரில் விரல் நனைத்ததில்லை.

ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது.

அவருக்கு ஒன்று தோன்றியது. குருமார் சீடனைச் செய்யக் கூடாத காரியம் ஒன்றைச் செய்துவிட்டு வரச் சொல்வார்கள். செய்துவிட்டு வருகிறவன் தோற்றுப்போவான். செய்யாமல் திரும்பி வருகிறவனைக் கட்டி அணைத்துக்கொள்வார்கள். அப்படி எத்தனையோ கதை அவர் கேட்டிருக்கிறார்.

காலைப் பின்னால் எடுத்தார். சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"நல்லா மடக்கப் பார்த்தீங்கம்மா," என்று மடம் இருந்த திசையைப் பார்த்துச் சொன்னார்.

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மதகுக்குப் போனார். மதகின் திருகை இருபத்திரண்டு சுற்றுச் சுற்றினார். இரும்புப் பலகை இறங்கி உட்கார்ந்தது. வாய்க்காலில் சத்தம் நின்றது. தண்ணீர் மூன்றாம் படியை ஒட்டிச் சமமாக நின்றது.

மத்தியானம் தனக்கொடி தூக்கில் சோறு கொண்டுவந்தாள். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டேதான் வந்தாள்.

"மூடிட்டியாப்பா?"

"மூடிட்டேன்."

"மடத்து அம்மா சொன்னாங்களா?"

"சொல்லாம சொன்னாங்க."

"அப்படின்னா?"

"உனக்குப் புரியாது கொடி."

"புரியற மாதிரி அவங்களும் சொல்றதில்ல, நீயும் சொல்றதில்ல. சாப்பிடு, ஆறிப்போவுது."

அவர் சாப்பிட்டார். அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தூக்கைக் கழுவித் தண்ணீரைக் கரையில் ஊற்றினாள்.

"குஞ்சாவது பொழைக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாளில் கதிர் வெளுத்தது. கையில் எடுத்துக் கசக்கினால் உமிதான் வந்தது. கோதண்டம் தன் வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டார். மாடு மேய்ந்துகொண்டிருக்கும்போது கன்னியப்பன் அந்த வழியாகப் போனார். ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றார். கோதண்டம் திரும்பிப் பார்த்தார். மாட்டின் முதுகில் தட்டினார்.

தனக்கொடி தன் இரண்டு ஏக்கரையும் அறுத்தாள். அறுத்தது வைக்கோலுக்கு.

கன்னியப்பன் ஒவ்வொரு நாளும் காலையில் கரையில் உட்கார்ந்தார். அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த மரங்கள். குஞ்சுகளுக்குத் தோளில் கறுப்பு இறகு விட்டிருந்தது. தாய் நாரைகள் முன்பு போல வெகுதூரம் பறந்து போகவில்லை. மரத்தடியிலேயே நின்றபடி மேய்ந்தன. பாவம், அலைச்சல் இல்லை என்று அவர் சந்தோஷப்பட்டார்.

பன்னிரண்டாம் நாள் பூங்காவனம் அம்மா பக்கத்து ஊர் சாவு வீட்டுக்குப் போகும் வழியில் கரையில் அவரைப் பார்த்தார்.

"ஏரி எப்படி இருக்கு?"

"நீங்க நினைச்ச மாதிரியே இருக்கும்மா," என்று சொல்லி அவர் சிரித்தார்.

அம்மாவும் தலையசைத்தார். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பதினாறாம் நாள் நாற்றம் வந்தது. மரத்தடியில் மீன்கள் வெள்ளையாகக் கவிழ்ந்து கிடந்தன. கன்னியப்பன் ஓடிப்போய் மதகைப் பார்த்தார். பலகை இறங்கித்தான் இருந்தது. தண்ணீர் மூன்றாம் படிக்கு முக்கால் சாண்தான் கீழே போயிருந்தது. இந்த வெயிலுக்கு அது போகும். மதகடியில் இன்னும் ஆழம் இருந்தது. கல்லைப் போட்டுப் பார்த்தார். சத்தம் ஆழமாகவே கேட்டது.

பத்தொன்பதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நாரைகள் ஒன்றாக எழும்பின. ஒரு சுற்றுச் சுற்றின. கிழக்கே போயின. சாயங்காலம் வரை அவர் காத்திருந்தார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

குஞ்சுகள் மறுநாள் முழுக்கக் கத்தின. அதற்கு மறுநாள் சத்தம் குறைந்தது.

அன்று காலையில்தான் அவர் அந்த நாயைப் பார்த்தார். ஊர் நாய். வடக்குக் கரையிலிருந்து இறங்கியது. பளபளவென்று தண்ணீர் கிடந்த இடத்தில் அது நீந்தவில்லை. நடந்தது. கால்மூட்டுகூட முழுகாமல், கீழே விழுந்து கிடந்த குஞ்சை நோக்கி நடந்தது.

கன்னியப்பன் கத்தினார். கையில் கிடைத்த கட்டியை எறிந்தார். கட்டி பாதிவழியில் விழுந்து, தெறிக்காமல், புதைந்து நின்றது.

அவர் மடத்துக்கு ஓடினார். அம்மா எதிரே வந்துகொண்டிருந்தார். கத்தல் அவருக்கும் கேட்டிருந்தது. கைக்கு அகப்பட்ட மடத்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா, ஏரிக்குள்ள நாய் நடக்குது."

அம்மா நின்று பார்த்தார். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார். கன்னியப்பன் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு அவரும் இறங்கினார்.

நாய் வாயில் கவ்வியதோடு ஓடியது.

மேலே விரற்கடைத் தண்ணீர். அது கொதித்தது. கீழே சேறு. முழங்கால் வரை உள்ளே இழுத்தது. முதல் மரத்தடியில் அம்மா கடப்பாரையை ஊன்றினார். அது தானாகவே இறங்கியது. கை தொடுகிற இடம் வரை இறங்கிய பிறகுதான் கெட்டித் தரையில் முட்டியது.

"மார்கழி மண்," என்றார் அம்மா.

மரத்தின் அடியில் தண்ணீர் நின்ற தடம் தெரிந்தது. சேற்றுக்கு ஒரு சாண் மேலே ஒரு கோடு. மூன்று வாரத்துக்கு முன்னால் மதகை மூடியபோது இருந்தது அவ்வளவுதான்.

கன்னியப்பன் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"மதகடியில ரெண்டு ஆள் ஆழம் இருக்கேம்மா."

"வருஷா வருஷம் தண்ணி பாய்ஞ்சு அங்க பள்ளம் அறுத்திருக்கும். மண் அங்க தங்கல. இங்க தங்கிடுச்சு."

"நீங்க இறங்கிப் பாருன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் இறங்கலம்மா."

அம்மா திரும்பினார்.

"ஏன்?"

"சோதிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

"எதை?"

"என்னைத்தான். கட்டுப்பாட்டை மீறுவேனான்னு."

அம்மா கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு குஞ்சு கத்தியது. தொடர்ந்து கத்த அதற்குத் தெம்பு இல்லை.

"எனக்குத் தெரியல, நீர்கட்டியாரே," என்றார் கடைசியில். "தெரியாமத்தான் பார்த்துட்டு வரச் சொன்னேன்."

கன்னியப்பனுக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. குருவிடம் அவர் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை.

"பதில் வந்து சொல்லலையே. நீங்க ஏன் திரும்பக் கேட்கல?"

"வாய்க்கால் காய்ஞ்சதைப் பார்த்தேன். மதகை மூடிட்டீங்கன்னு தெரிஞ்சுது. இறங்கிப் பார்த்துட்டுத்தான் மூடியிருப்பீங்க, இடுப்பளவு இருக்குபோலன்னு நினைச்சேன்."

"கரையில பார்த்தப்பக்கூட..."

"நினைச்ச மாதிரியே இருக்குன்னீங்க. நல்லா இருக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

கால் புதைந்துகொண்டே போனது. எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டது. தனக்கொடி வந்துகொண்டிருந்தாள். அப்பா கத்தியதை யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடி வந்திருந்தாள். நின்றுகொண்டிருக்கிற அவரைப் பார்த்ததும் மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் ஆவலயே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

அவள் மரத்தைப் பார்த்தாள். மரத்தடியில் கிடந்தவற்றைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். விவசாயம் செய்கிறவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கையை விரித்துக் கோட்டுக்கும் சேற்றுக்கும் நடுவே வைத்தாள். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை சரியாக இருந்தது.

"மூடினப்ப இவ்வளவுதான் இருந்துதா?"

கன்னியப்பன் தலையை ஆட்டினார்.

அவள் திரும்பி ஏரி முழுவதையும் ஒரு தடவை பார்த்தாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை.

"ஏரி பூரா ஒரு சாண்," என்றாள். "ஊர் மொத்தத்துக்கும் ரெண்டு தண்ணி பாய்ஞ்சிருக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கன்னியப்பனுக்குத் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

"எனக்குத் தெரியாது கொடி."

"தெரியும்பா, உனக்குத் தெரியாதுன்னு."

தாழ்ந்த கிளையில் ஒரு கூட்டில் மூன்று குஞ்சுகள் இருந்தன. இரண்டு செத்திருந்தன. மூன்றாவது கழுத்தைத் தூக்கி அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னா திங்கும்?"

"நத்தை," என்றார் கன்னியப்பன்.

"நத்தை எங்க இருக்கு?"

அவர் குனிந்து சேற்றைப் பார்த்தார். வெந்துபோன ஓடுகள் வெளுத்துக் கிடந்தன.

அவள் குஞ்சோடு கரையேறிப் போனாள். போகும்போது, "வெயில்ல நிக்காதப்பா," என்றாள்.

கன்னியப்பன் அங்கேயே நின்றார். அவர் பேசியபோது அது யாருக்கோ சொல்வது போல இருந்தது.

"மூணாம் படிக்கு மேல ஒரு சொட்டு நான் திருடினதில்ல. கீழ ஒரு சொட்டு யாருக்கும் விட்டதில்ல. பெத்த பொண்ணுக்கே விடல."

"ஆமா."

"இனிமே மதகு எனக்கு வேணாம்மா. நீங்க ஊர்ல சொல்லுங்க. நல்லவனா ஒருத்தனைப் பார்க்கச் சொல்லுங்க. சொன்ன சொல் தவறாதவனா."

அம்மா சேற்றிலிருந்து ஒரு காலை உருவி எடுத்து அடுத்த மரத்தை நோக்கி வைத்தார். கடப்பாரையை அவரிடம் நீட்டினார்.

"அவனும் மூணாம் படியிலதான் நிறுத்துவான், நீர்கட்டியாரே."